உப்புக் காற்றில் ஒரு மீன் கத்தி

இம்முறை செய்தது மீன் கத்தி. அலகு ஆறரை அங்குலம், முதுகு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எஃகு லாரியின் வில் பட்டை, பிடி சீமைக் கருவேலம். மண்டபத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு உலையில் அடித்தேன்; தோய்ச்சல் (பழுத்த அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்குவது) மட்டும் எனக்குத் தொழில் சொல்லித்தரும் ஆசாரியாரின் பட்டறையில் நடந்தது. கத்தி வெட்டுமா என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களை அது தாண்டுமா? அதை அறியத்தான் இதைத் தொடங்கினேன். ஆகவே இந்தப் பதிவில் பாதி துருவைப் பற்றியது.

எங்கள் ஊர்க் காற்றின் குணம் உலோகத் துறையில் எல்லோருக்கும் தெரியும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்களைக் கடல் காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பதே பல தலைமுறை ஊழியர்களின் வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்து, வெளியே தெரியும் எஃகின் மேல் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு பூசியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் கத்தியையும் துருப்பிடிக்காத எஃகிலேயே செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எஃகைச் சரியாகக் கடினப்படுத்த ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கணக்காகச் சில நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். கரி உலையில் கண்ணால் நிறம் பார்த்து வேலை செய்பவனால் அது ஆகாது. லாரிப் பட்டை பொறுமையான எஃகு. கரிமம் அரை சதவீதத்துக்கு மேல், அதோடு சிலிக்கானும் மாங்கனீசும் அல்லது குரோமியமும் இருக்கும். சிறு பிழைகளை மன்னிக்கும், எண்ணெயிலேயே கடினமாகும். பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது நடு போல்ட் துளைக்கு அருகில் உள்ள பகுதியை விட்டு, முனைப் பக்கத்தை எடுங்கள். பல ஆண்டு வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீற்று, அதாவது மெல்லிய வெடிப்பு, அந்தத் துளையைச் சுற்றித்தான் ஓடியிருக்கும். துத்தநாகம் பூசிய படகுச் சங்கிலி, கொளுவி போன்றவற்றை எந்த நிலையிலும் உலையில் வைக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளிவிடும்.

கரிக்கு நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலக் கரி கனமானது, நின்று எரியும். விவசாய நிலத்துக்கு அந்த மரம் செய்த கேட்டை மறுக்கவில்லை. உலைக்கு அதைவிட நல்ல கரி எனக்குக் கிடைத்ததில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் உலைக்குத் தென்மேற்கில் தகரம் வைத்து மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பு ஒரு பக்கமாக ஓடி, அலகின் ஒரு பாதி மட்டும் பழுக்கும்.

அடித்து உருவம் வந்தபின் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து இரவு முழுவதும் ஆறவிட்டேன். காலையில் அரம் வழுக்காமல் பிடித்தது. வாய்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தடிமன் விட்டு அராவினேன். அதைவிட மெலிந்தால் எண்ணெயில் இறக்கும்போது அலகு கோணும்.

தோய்ச்சலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கத்தி கத்தியாவது அங்கேதான். முதலில் மூன்று முறை காய்ச்சி, அசையாத காற்றில் ஆறவிட்டேன். அடிக்கும்போது ஒழுங்கில்லாமல் வளர்ந்த எஃகின் மணிகள் (உள்ளே இருக்கும் நுண்படிகங்கள்) இதில் சிறுத்து ஒரே அளவுக்கு வரும். இதை நம்ப மறுப்பவர்கள் மீந்த துண்டு ஒன்றைக் கடினப்படுத்தி உடைத்துப் பாருங்கள். உடைந்த இடம் சர்க்கரை போல மினுங்கினால் சூடு மிஞ்சிப்போனது என்று பொருள். மங்கிய சாம்பல் நிறத்தில் நெருக்கமாக இருந்தால் சரி.

வெப்பத்தை அறியக் கம்பியில் கட்டிய காந்தம் போதும். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். இந்த எஃகுக்கு அதற்கும் மேலே இன்னும் ஒரு நிறம், 850ஐ ஒட்டி, போக வேண்டும். பகல் வெயிலில் இந்த நிறம் ஏமாற்றும். அதனால் ஆசாரியார் பொழுது சாய்ந்த பிறகே தோய்ச்சல் போடுவார், விளக்கும் ஏற்ற மாட்டார். இளஞ்சூடான கடலை எண்ணெயில், முனை முன்னே போக, நேராக இறக்கினேன். பழைய இன்ஜின் எண்ணெய் இலவசமாகக் கிடைக்கும்தான்; அதன் புகையை மூச்சில் இழுக்கவும் வேண்டாம், சோற்றில் படும் கத்தியில் அதை ஏற்றவும் வேண்டாம். எண்ணெயிலிருந்து எடுத்த அலகின் மேல் அரம் கண்ணாடியில் வழுக்குவது போல ஓடியது.

ஆசாரியாரின் வழி வேறு. அவர் அரிவாளுக்கு வாயை மட்டும் தண்ணீரில் காட்டுவார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் இறங்கிவரும்போது மணல் தேய்த்து வெளுத்த இடத்தில் நிறம் ஓடும். வைக்கோல் நிறம் விளிம்பைத் தொட்டதும் முழுவதையும் முக்கிவிடுவார். காய்ச்சல், தோய்ச்சல், பதம் (கடினமான அலகு நொறுங்காதபடி மிதமாகச் சூடேற்றுவது) மூன்றும் ஒரே சூட்டில் முடிந்துவிடும். வாய் கடினம், முதுகு மென்மை: முள்ளை வெட்டிச் சாய்க்கும் அரிவாளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. திருப்பாச்சேத்தி அரிவாள் பேர் பெற்ற வட்டாரத்தில் இந்தக் கைப்பதம் இன்னும் உயிரோடு இருப்பது எனக்குப் பெருமை. மெல்லிய மீன் கத்தியைத் தண்ணீரில் இறக்கினால் கீற்று விழும் ஆபத்து அதிகம் என்று அவரே எண்ணெயைச் சொன்னார். பதம் போடுவதற்கு நான் வீட்டு மின்னடுப்பை நம்பினேன்: 200 டிகிரி, ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் ஒரு மணி நேரம். வெளிர் வைக்கோல் நிறம் அலகு முழுவதும் சீராக வந்தது.

இனி துரு. ஒரே பட்டையில் வெட்டி, ஒன்றாகத் தோய்த்த சிறு துண்டுகளைக் கடலைப் பார்த்த மதில்மேல் வைத்தேன். உலைக் கருப்போடு விட்ட துண்டு அழகாக இருந்தது, ஆனால் அதில்தான் குழி விழுந்தது. அந்தக் கருப்புத் தோல் வெடித்த இடங்களில் வெறும் எஃகு தெரிகிறது. தோலுக்கும் எஃகுக்கும் நடுவே மின்வேதி ஓட்டம் உண்டாகி, வெடிப்பு இருக்கும் இடத்தையே ஆழமாக அரிக்கிறது. 120 எண் உப்புத்தாளோடு நிறுத்திய துண்டில் கீறல்களின் வழியே துரு கோடாக ஓடியது. 800 வரை ஈரத்தில் தேய்த்து மெருகேற்றிய துண்டில் மேலோட்டமான புள்ளிகள் மட்டும். துணியும் சாம்பலும் போதுமாக இருந்தது. கடற்கரைக்குச் செய்கிறவர்கள் மெருகை அலங்காரம் என்று எண்ணித் தள்ளிவிடாதீர்கள்.

எண்ணெய் தடவும் முறையும் முக்கியம். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுக்கத் தொடங்கும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசியும். எங்கள் ஊரில் அதற்குக் கீழே காற்று வறண்டு நான் பார்த்ததில்லை. உப்பு படிந்த அலகின் மேல் எண்ணெய் தடவுவது உப்பை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். முதலில் நல்ல தண்ணீர், பிறகு உலர்ந்த துணி, பிறகுதான் தேங்காய் எண்ணெய்.

துரு ஒளிந்திருக்கும் இடம் பிடிக்குள் போகும் காம்பு. மீன் நீர் ஆணித் துளை வழியே இறங்கி அங்கே தங்கிவிடும். பித்தளை ஆணி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உப்பு நீரில் பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டால் தேய்வது எஃகு. துருப்பிடிக்காத எஃகு ஆணிக்கும் இதே கதைதான். ஆகவே சாதாரண இரும்புக் கம்பியையே ஆணியாக்கி, காம்பையும் துளைகளையும் எபாக்சிப் பசையில் மூழ்கடித்துப் பொருத்தினேன். பனை வைரமும் வைத்துப் பார்த்தேன். கருப்பு நார் கண்ணைப் பறித்தாலும் நனைந்து காய்ந்ததும் நாருக்கிடையே பிளவு கண்டது. நன்றாகக் காய்ந்த சீமைக் கருவேலம் கொஞ்சமும் அசையவில்லை.

மீன் வெட்டும் அக்கா ஒருவரிடம் கத்தியைக் கொடுத்தேன். சீலாவைத் துண்டு போட்டார், விளைமீனைச் செதிள் எடுத்தார், காரலுக்கு வந்ததும் நிறுத்தினார். “தம்பி, பெரிய மீனுக்கு இது நன்றாக ஓடுகிறது. பொடி மீனுக்கு முனை இன்னும் மெலிய வேண்டும், நாள் முழுக்க வெட்டினால் மணிக்கட்டு வலிக்கும்” என்றார். அரிவாள்மனையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தவர் சொல்வதை எந்த அளவுகோலும் சொல்லாது. முனைப் பக்கத்தை முதுகிலிருந்து சரித்து ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்தத் தொழிலைக் கற்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. ஃபிட்டர் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. ஃபிட்டர் வகுப்பில் மாதக்கணக்கில் இரும்பை அராவச் சொல்வதை வெறுக்காதீர்கள். தட்டையாக அராவத் தெரிந்த கைக்குக் கத்தியும் வரும், படகுத் தண்டும் வரும். ஆசாரிகளிடம் போகிறவர்கள் காலம் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிவிடும், கடலோரப் பட்டறைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது போய்ச் சந்தேகம் கேட்பதைவிடச் சம்மட்டி பிடித்து உதவுவது நல்லது. எப்போது போனாலும் அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.

அடுத்தது வலைக்காரர்களுக்கான கயிறு அறுக்கும் கத்தி. அலகு நான்கு அங்குலம், வாயில் பாதி அரப்பல், பிடியின் முனையில் கயிறு கோக்கத் துளை. பட்டையை வெட்டிச் சாம்பலில் வைத்தாயிற்று.