அதே மெஷின், வேறு கேள்வி

அப்பாவுக்குப் பேச்சு தடுமாறத் தொடங்கியதும் முதல் எம்ஆர்ஐயைக் கடலூரிலேயே எடுத்தோம். இடது முன்மூளையில் கட்டி, சுற்றிலும் வீக்கம். அது மூளையிலேயே உண்டானதா, வேறெங்கிருந்தோ பரவி வந்த புற்றா, சீழ்க்கட்டியா என்று இந்தப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் புதுச்சேரி டாக்டர். மறுபடியும் எம்ஆர்ஐ எழுதினார். போன வாரம்தானே எடுத்தோம் என்று அம்மாவுக்குக் கோபம். மெஷின் அதேதான், இந்தத் தடவை கேட்கப்போகும் கேள்விதான் வேறு என்றார் அவர்.

கட்டி படத்தில் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கடோலினியம் மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள். அரைஞாணில் கோத்திருந்த தாயத்தைக் கழற்ற வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. சத்தம் எப்படி என்று கேட்டால், நெய்வேலி சுரங்கத்தில் உழைத்த மனுஷன், “சுரங்கம்... இதவிட...” என்று வார்த்தை தேடிச் சிரித்தார்.

ரேடியாலஜிஸ்ட் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் கட்டியின் நடுவே நீர் தடையில்லாமல் நகர்ந்தது. சீழாக இருந்தால் பெரும்பாலும் தடைபடுமாம். திசுவிலுள்ள ரசாயனங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் கோலின் என்பது ஏறியிருந்தது, என்ஏஏ என்பது இறங்கியிருந்தது. அதாவது செல்கள் பெருகுகின்றன, நல்ல நரம்பணுக்கள் குறைகின்றன. ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷனில் கட்டிக்குள் மட்டுமல்ல, சுற்றியுள்ள வீக்கத்திலும் ரத்த அளவு கூடுதல். பரவி வந்த புற்றில் பொதுவாக அப்படி இருக்காது, இது அக்கம்பக்கத்தில் ஊடுருவும் ஜாதி என்றார். ஆனாலும் பெயர் வைப்பது திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பேச்சுக்கான நரம்புப் பாதைகளையும் எம்ஆர்ஐயிலேயே வரைந்து பார்த்து, அவற்றை ஒதுக்கி ஆபரேஷன் செய்தார்கள். பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று வந்தது; மூளையிலேயே உண்டாகி வேகமாக வளரும் புற்று. அப்புறம் ரேடியேஷனும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும்.

அது முடிந்து எடுத்த ஸ்கேனில் கடோலினியம் ஏறிய பகுதி பெரிதாகத் தெரிந்தது. கட்டி திரும்பிவிட்டது என்றே நினைத்து அம்மா சாப்பிடவில்லை. பெர்ஃப்யூஷனில் அங்கே ரத்த அளவு குறைவு. ரேடியேஷனால் வரும் மாற்றமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், மாத்திரையை நிறுத்த வேண்டாம், சில வாரம் கழித்துத் திரும்ப எடுப்போம் என்றார் டாக்டர். அதில் அது சுருங்கியிருந்தது. மாத்திரை தொடர்கிறது.