பச்சைப் பொத்தான்

ஜூலை 6, ஞாயிறு

அக்கா மகனின் அறுந்த விரலை ஒட்டித் தைத்திருக்கிறார்கள். நுனி இளஞ்சிவப்பாக இருக்கிறது என்று இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் சொன்னார்கள். இன்றைக்கு அது போதும்.

ஜூலை 7, திங்கள்

ஒரு விரல் நுனியை இவ்வளவு நேரம் நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கட்டுக்கு வெளியே அரை அங்குலம்தான் தெரிகிறது. நர்ஸ் மணிக்கு ஒருமுறை வந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார், நகத்தை லேசாக அழுத்தி விடுகிறார். வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுத்தபடியே நின்றால் ரத்தம் உள்ளே போகவில்லை; நீலம் பாய்ந்தால் உள்ளே போன ரத்தம் வெளியே வரவில்லை. இரண்டில் எது நடந்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் போன பிறகு நானும் செல்போன் வெளிச்சத்தில் பார்க்கிறேன். பையன் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். தூங்கவில்லை.

ஏசி கிடையாது, மின்விசிறியும் அவன் பக்கம் திரும்பக்கூடாது. குளிர்ந்தால் ரத்தக் குழாய் சுருங்கிவிடுமாம். டீ, காப்பி கூடாது. பீடி சிகரெட் பிடித்தவர் யாரும் பக்கத்தில் வரக்கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மகன் வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தான். வாசலிலேயே மறித்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, மறுபடி கீழே இறங்கிப் போய்விட்டான்.

ஐஸ் விஷயத்தை எழுதி வைக்க வேண்டும், நான் மறந்தாலும் யாராவது படிக்கட்டும். விரலை நேராக ஐஸுக்குள் போடக்கூடாது. நான் போடத்தான் போனேன், டம்ளரில் ஐஸ் தயாராக இருந்தது. மருந்துக் கடைப் பெண்தான் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸுக்குள் வைக்கச் சொன்னாள். ஐஸ் நேராகப் பட்டால் சதை செத்துவிடும். மதுரை வந்ததும் டாக்டரம்மா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் இப்படிக் கட்டினது?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்து தீர்ப்பேன்.

நடுவிரல் மட்டும்தான். ஆள்காட்டி விரல் நசுங்கிப் போயிருந்தது. ஒட்ட முடியாது என்று சொல்லி மூடித் தைத்துவிட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

வார்டு டிவியில் நெல்லையப்பர் தேர். ரத வீதி முழுக்கத் தலைகள். ஒவ்வொரு வருடமும் அவனை அழைத்துப் போவேன். சிறுபிள்ளையாக இருந்தபோது தோளில் உட்கார்ந்து பார்த்தவன், இன்று படுக்கையில் சாய்ந்து பார்க்கிறான், இடது கை இரண்டு தலையணைக்கு மேலே.

எல்லோரும் வடத்தைப் பார்க்கிறார்கள், நான் சக்கரத்தைப் பார்க்கிறேன். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூட்டத்தையோ சுவாமியையோ ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கண் சக்கரத்திலேயே இருக்கிறது. கட்டையை வைத்த மறு நொடி கையை எடுத்துவிடுகிறார்கள். தேர் நின்ற பிறகும் கையை அருகே கொண்டு போவதில்லை. நிற்கிற தேர் நின்றுகொண்டேதான் இருக்கும் என்று அவர்கள் நம்புவதே இல்லை.

நான் நம்பினேன்.

ஜூலை 9, புதன்

மெஷின் ஓடிக்கொண்டே இருக்க அந்த லாக் பொத்தானை அழுத்தி வைத்தது நான்.

ஜூலை 11, வெள்ளி

ஐந்தாறு நாள் தாண்டிவிட்டால் நம்பலாம் என்றார் டாக்டரம்மா. இன்று ஆறாம் நாள். சிவப்பு.

அக்கா என்னிடம் பேசுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், சட்டையை மாற்று என்கிறாள். அதைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அத்தான் குவைத்திலிருந்து பேசும்போது போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுகிறாள்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் வேறு மாதிரி முடியுமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

சனிக்கிழமை, பன்னிரண்டு மணி ஆகவில்லை. வீரவநல்லூர் வீட்டு ஜன்னலுக்குப் பையன் தேக்கில் ரீப்பர், ஒல்லிச் சட்டம், கிழித்துக்கொண்டிருந்தான். மார்பிள் கட்டரைத் தலைகீழாக மேசைக்கு அடியில் மாட்டி, மேலே பிளேடு மட்டும் தெரிகிற மாதிரி நான் செய்து வைத்த மேசை. இந்தப் பக்கத்தில் பாதிப் பட்டறைகளில் இப்படித்தான் இருக்கிறது. கல்லறுக்கச் செய்த மெஷின். அதில் மர பிளேடு. மேசைக்கு அடியில் கைவிட்டு விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது என்பதால் லாக் பொத்தானை அழுத்தி, எப்போதும் ஓடுகிற நிலையில் வைத்திருந்தேன். பிளக் பாயிண்டில் இருக்கிற சுவிட்சுதான் சுவிட்சு. அதுவும் சுவரில், அவன் நிற்கிற இடத்திலிருந்து நாலு எட்டு.

கரண்ட் போனது. பிளேடு ஓய்ந்து நின்றது. பாதி கிழிந்த ரீப்பர் பிளேடைக் கவ்விக்கொண்டு நின்றது. சுவரில் சுவிட்ச் மேலேயா கீழேயா என்று அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நான் மறுபக்கம் கதவுச் சட்டத்தில் மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். "மாமா, கட்டை சிக்கிக்கிடக்கிறது, எடுத்துவிடுகிறேன்" என்றான். "எடு" என்றேன்.

எடு என்றேன்.

ஜூலை 12, சனி

ஒன்றும் எழுத வரவில்லை. சிவப்பு.

ஜூலை 13, ஞாயிறு

"மாமா, கிளட்ச் பிடிக்க முடியுமா?" என்று கேட்டான். இத்தனை நாளில் அவன் கேட்ட முதல் கேள்வி இது. நடுவிரலும் மோதிர விரலும் போதும், நான் இப்போதே அப்படித்தான் பிடிக்கிறேன் என்று சொன்னேன். பொய். வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய வண்டியிலோ பிடித்துப் பார்த்தேன். முடிகிறது.

ஜூலை 15, செவ்வாய்

கல்லிடைக்குறிச்சி வந்துவிட்டேன். அக்கா மதுரையில் அவனோடு இருக்கிறாள். பட்டறையைத் திறந்தேன். என் மனைவி தூளையெல்லாம் அள்ளிக் கொட்டி, தரையைக் கழுவி வைத்திருக்கிறாள். கழுவின இடம் மட்டும் மற்ற தரையைவிட வெளுப்பாக இருக்கிறது.

பரணில் எதையோ தேடப்போய்க் கையில் பட்டது கட்டரின் பிளேடு மூடி. 2016-ல் மெஷின் வாங்கிய அன்றே கழற்றியது, கவிழ்த்து மாட்ட அது இடைஞ்சல். அதில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கும்போது இதையும் இறக்கி, பொட்டு வைத்து, மறுபடி பரணில் ஏற்றியிருக்கிறோம். அவன்தான் ஏணியில் ஏறுவான். ஒன்பது வருடப் பொட்டு. உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

காற்று பொதிகைப் பக்கமிருந்து இறங்கி ஓட்டைப் பிய்க்கிறது. காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய் வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

மெஷின் எதையும் தொடவில்லை. அப்பாவின் உளிகளை எடுத்துத் தீட்டினேன். தண்ணீர் தெளித்து, கல்லில் சாய்வு மாறாமல் முன்னும் பின்னும். விரல் நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதுதான் கூர்மைக்கு அவர் வைத்த சோதனை. கூரான உளி வெட்டாது, மழுங்கின உளிதான் கையை வெட்டும் என்பார். மழுங்கினால் பலம் கொடுத்துத் தள்ளுவோம், தள்ளுகிற பலத்தில் நழுவும், நழுவினால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கையும் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். கட்டையைக் கையால் பிடிக்காதே, பட்டறைப் பலகையில் இறுக்கு. எனக்குப் பன்னிரண்டு வயதில், இடது கட்டைவிரலில் தழும்பு விழுந்த அன்று சொன்னது. பையனுக்கும் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவன் உளி பிடிக்கிற அழகைப் பார்த்து ஊரே மெச்சும்.

உளிக்குச் சொன்னேன், இழைப்புளிக்குச் சொன்னேன், வாய்ச்சிக்குச் சொன்னேன். அவையெல்லாம் நான் நிறுத்தினால் நிற்கிறவை. நான் நிறுத்தாமலே நின்று, நான் தொடாமலே ஓடத் தொடங்குகிற ஒன்றுக்கு அப்பாவிடம் பாடம் இல்லை. அவர் காலத்தில் இங்கே அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பாடத்தை நான்தான் உண்டாக்கியிருக்க வேண்டும்.

கட்டர் வந்த பெட்டியில் நிமிடத்துக்கு 12,000 சுற்று என்று போட்டிருக்கிறது. நொடிக்கு 200. பிளேடில் 40 பல். நொடிக்கு 8,000 பல் அந்த இடத்தைக் கடக்கிறது. பிளேடின் விளிம்பு போகிற வேகம் மணிக்கு 248 கிலோமீட்டர். கணக்குப் போட்டுவிட்டுக் கிழித்தெறியப் போனேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 19, சனி

விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: கையுறை போட்டிருந்தால் தப்பியிருப்பான். இல்லை. சுழல்கிற எதற்குப் பக்கத்திலும் கையுறை கூடாது. ஒரு நூல் சிக்கினால் போதும், விரலோடு நிற்க வேண்டியதைக் கையோடு இழுத்துவிடும். டிரில்லில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் கட்டிய கயிறு, தோளில் துண்டு, தொங்குகிற சட்டைக் கை, எல்லாம் அப்படித்தான். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், காதுக்கு அடைப்பான் வேண்டும், மூக்குக்குத் துணி வேண்டும். கைக்கு வேண்டியது தூரம். ஒரு முழத் தள்ளுகட்டை இருந்தால் கை பிளேடுக்குப் பக்கத்திலேயே போக வேண்டியதில்லை. வேலைக்கு உதவாத துண்டுக் கட்டையில் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

இன்று ஆறு செய்தேன். ஒவ்வொன்றிலும் ஆணி அடித்து மேசை ஓரத்தில் தொங்கவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

சிவப்பு. உள்ளே இரண்டு கம்பி இருக்கிறது, எலும்பு கூடின பிறகுதான் உருவுவார்களாம். உணர்வு வருமா என்று கேட்டேன். மெதுவாக வரும், முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

ஜூலை 22, செவ்வாய்

வீரவநல்லூர் வீட்டுக்காரரிடமிருந்து போன். ஆவணியில் கிரகப்பிரவேசம், கதவு எப்போது வரும் என்று கேட்கிறார். அவர் மேல் தப்பில்லை. கையால் செய்து தருகிறேன், இரண்டு நாள் கூடுதலாகும் என்றேன். ரீப்பரை மட்டும் எங்காவது கொடுத்துக் கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

பாபநாசத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம். படித்துறையில் காலை வைக்க இடமில்லை. தண்ணீர் நன்றாகப் போகிறது. எள்ளும் தண்ணீரும் விடும்போது அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என் விரல்களைப் பார்த்தேன், பத்தும் இருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது வயல்பக்கம் ஒரு மோட்டார் ஷெட். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றது. கரண்ட் போயிருக்கிறது. வரப்பில் இருந்தவர் வேலையைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. எதிர்க் கடையில் பாட்டு தொடங்கியது, மோட்டார் மட்டும் ஓடவில்லை. அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு நடந்து வந்து, ஷெட்டுக்குள் கைவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். அதன்பிறகுதான் ஓடியது.

நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடிக்கிறார்.

ஜூலை 25, வெள்ளி

தூக்கம் இல்லை. ஸ்டார்ட்டர். எனக்குத் தெரியும் அது, எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒரு கம்பிச் சுருள். பச்சையை அழுத்தினால் காந்தமாகித் தகட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் தானாகப் பிடிக்காது, ஒரு மனிதன் வந்து அழுத்த வேண்டும். மாமனார் வயலில் அந்தப் பெட்டியை நானே எத்தனை முறை அழுத்தியிருக்கிறேன். தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குக் கொடுத்த காவலை அந்தப் பிள்ளையின் கைக்குக் கொடுக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

கவிழ்த்து மாட்டியதைக் கழற்றிவிட்டேன். மேசையையும் பிரித்துவிட்டேன். தென்காசியில் ஒருவர் பழைய மேசை ரம்பம் தருகிறார். பத்து அங்குல பிளேடு, அதற்கு மூடியும் இருக்கிறது. பிளேடுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்றும் நிற்கிறது. அறுபட்ட மரம் பின்னால் நெருங்கி பிளேடைக் கவ்வாமல் அது பிரித்து வைக்கும். கவ்வினால் பின்பக்கத்துப் பல் மரத்தைத் தூக்கி நம் மேலேயே எறிந்துவிடும். மனைவி வளையலைக் கழற்றித் தந்தாள். நான் கேட்கவில்லை.

எலக்ட்ரீஷியன் சிங்கிள் பேஸுக்கே ஸ்டார்ட்டர் கிடைக்கும் என்கிறார். சிவப்புப் பொத்தான் என் முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது முழங்காலால் நிறுத்த வேண்டும். அளவு கேட்டார். என் முழங்காலுக்கு அளந்தார். பையன் என்னைவிட உயரம். அவன் முழங்காலுக்கு வையுங்கள் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

மாட்டியாகிவிட்டது. பச்சையை அழுத்தினேன், ஓடியது. மெயினை இறக்கினேன், ஓய்ந்தது. பிளேடு முழுதாக நிற்கும்வரை எண்ணினேன், பதினொன்று. மெயினை ஏற்றினேன். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. ரம்பம் சும்மா இருந்தது.

இன்னொரு முறை. இன்னொரு முறை. எலக்ட்ரீஷியன் போன பிறகும் செய்துகொண்டிருந்தேன். இருட்டின பிறகு மனைவி வந்து மெயினை இறக்கிவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

ஆகஸ்ட் 2, சனி

அம்பாசமுத்திரம் ரயிலடிக்குப் போய் அழைத்து வந்தேன். மெலிந்திருக்கிறான். வீட்டுக்குப் போகும் முன் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றான். அக்கா வேண்டாம் என்றாள். பிறகு அவளே "சரி, போ" என்றாள். அவள் உள்ளே வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புது ரம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தான். தொங்குகிற தள்ளுகட்டைகளை எண்ணினான். நான் ஸ்டார்ட்டரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், வார்த்தை குழறியது. அவன் குனிந்து பார்த்தான், முழங்காலைச் சிவப்புப் பொத்தானுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தான். சரியாக இருந்தது.

"மாமா, நான் சுவிட்சைப் பார்த்திருக்க வேண்டும்" என்றான்.

வாசலிலிருந்து அக்கா, "நீ பேசாமல் இருடா" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

அக்கா கலந்த சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கூப்பிட்டாள், என்னையும். தேங்காய்ச் சாதம், புளிச்சாதம். அவன் வலது கையால் சாப்பிட்டான். இடது கையை வெயிலில், மடியில், துண்டுக்கு மேலே வைத்திருந்தான். நுனி