ஒரு வாய்க்கால் போதும்

நீலகிரியில் சதுப்பு நிலங்களைக் கணக்கெடுப்பது என் வேலை. புல்வெளிக் குன்றுகள் சரிந்து வந்து சேரும் பள்ளங்களில்தான் அவை இருக்கும். இரும்புக் குழாயை மண்ணில் இறக்கித் திருகி எடுத்தால், கன்னங்கரேலென்று மண் வரும். பிழிந்தால் தண்ணீர் சொட்டும். புல்லின் வேர்நார்கூட மட்காமல் கிடக்கும். நீர் தேங்கியே நிற்பதால் உள்ளே காற்று போவதில்லை. குளிரும் சேர்ந்துகொள்ள, செத்த செடிகள் முழுதாக மட்காமல் பீட் மண்ணாகச் சேர்கின்றன.

சூழலியலாளர் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-இல் இந்த மண்ணின் கார்பனை வைத்தே, சுமார் 20,000 ஆண்டுகளில் இங்கே ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்த கதையை எழுதினார்கள்.

இதை அழிக்க மண்ணை அள்ள வேண்டாம், நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். நீர்மட்டம் இறங்கும், காற்று நுழையும், பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பு மட்கிக் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். அப்படி வடித்த ஒரு பள்ளத்தில் மண்ணைக் கையில் எடுத்தேன். காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், மழை பெய்தாலும் அது பழையபடி நீரைப் பிடிக்காது. எனக்கு மனசே ஆறவில்லை.

"சும்மா கிடக்குற சேறுதானே தம்பி, வடிச்சா கேரட் போடலாம்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. விளைநிலம் கிடைப்பது அங்கே அவ்வளவு கஷ்டம். அப்புறம் பேச்சுவாக்கில், மேலே சதுப்பு இருந்தவரை மார்ச்சிலும் ஓடை ஓடியது, இப்போது கீழ்த்தோட்டத்து மோட்டாருக்குத் தண்ணீர் போதவில்லை என்று அவரே சொன்னார். பவானிக்கு நீர் தரும் ஓடைகள் பலவும் இப்படிப்பட்ட பள்ளங்களில்தான் பிறக்கின்றன.

சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நீரை உறிஞ்சுவது இன்னொரு பக்கம். ஆனால் பெரிய சிக்கல், இந்தச் சதுப்புகள் ரொம்பச் சின்னவை என்பதுதான். தேசிய ஈரநில அட்லஸில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளிகள். எல்லையே வரையாத இடத்தில் யாராவது வாய்க்கால் வெட்டினால் எதைக் காட்டித் தடுப்பது? அளவு பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் எல்லை வரைந்து, வெட்டிய வாய்க்கால்களை அடைக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளரும். அதை முன்பு எங்கெங்கே அறுத்தார்கள் என்று அவர்களின் பெரியவர்கள் கைகாட்டச் சொல்லி, வரைபடத்தில் தெரியாத பள்ளங்களை இப்போது ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறோம்.