மலைக்குடிலில் பார்த்த முட்டுக்கட்டை

வீட்டில் நானே மரத்தில் செய்த சீஸ் பிரஸ், அதாவது உறைந்த பாலை அழுத்தித் தண்ணீரை வடிக்கும் கருவி, ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எடுத்துப் பார்த்தால் சீஸ் வட்டு கதவுக்கு அடியில் செருகுகிற ஆப்பு மாதிரி இருக்கும். அந்த எரிச்சலோடுதான் சுவிட்சர்லாந்துக்கு விமானம் ஏறினேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டிலேயே நம்பவில்லை.

ஷாத்தோ-டே ஊரிலிருந்து பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. நான் இறங்கிய இடம் லெத்திவா. பெயர்ப்பலகையில் கடைசியில் ஒரு இசட் எழுத்து உண்டு, வாயில் வராது. இந்த ஊரின் பெயரிலேயே ஒரு சீஸ் இருக்கிறது. மே 10 முதல் அக்டோபர் 10 வரை மட்டும், மலைமேய்ச்சலுக்கு ஏறிய மாடுகளின் பாலை, காய்ச்சாமல், விறகடுப்பில் வைத்த செப்புக் கொப்பரையில்தான் அதைச் செய்ய வேண்டும் என்று விதி. 1930-களில் சில குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவு தொடங்கி, பழைய முறையையே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

மறுநாள் விடிவதற்குள் அந்தச் சீஸ் செய்யும் ஒரு குடிலுக்கு நடந்தேன். உள்ளே நுழைந்ததும் புகைதான் வரவேற்றது. கண் பழகியதும் தெரிந்தது கொப்பரை. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரியது. அடுப்பின் மேல் அது உட்காரவில்லை. சுவரோரத் தூணிலிருந்து கதவு போலத் திரும்புகிற ஒரு மரக்கையில் தொங்கியது. சூடு போதும் என்றால் சீஸ் செய்பவர் மரக்கையை வெளியே இழுக்கிறார், வேண்டும் என்றால் தீக்கு மேலே தள்ளுகிறார். நான் வீட்டில் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட், ரிலே என்று வாங்கி வைத்திருந்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது.

முந்தின நாள் மாலைப் பாலும் அன்றைய காலைப் பாலும் கலந்து, 32 டிகிரி அளவில் ரென்னட் விட்டார்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி அது. அரை மணி கழித்து, உறைந்த பாலில் அவர் விரலை விட்டு மேலே தூக்கினார். வழவழவென்று ஒட்டாமல் ஒரே கோடாகப் பிளந்தது. அப்புறம் யாழை எடுத்தார். கம்பிகள் கட்டிய நீளமான வெட்டுக்கருவி அது. ஜெர்மன் பேசும் பக்கத்தில் அதற்குப் பெயரே சீஸ் யாழ்தான். பத்து நிமிடத்தில் கொப்பரை முழுக்கக் கோதுமை மணி அளவுக்குப் பொடிந்தது. பிறகு கிளறிக்கொண்டே 57 டிகிரி வரை சூடேற்றினார்.

மணிகளை வெளியே எடுப்பதுதான் வேடிக்கை. ஒரு துணியின் ஒரு ஓரத்தை வளைகிற இரும்புப் பட்டையில் சுற்றி, எதிர் ஓரத்தின் இரண்டு முனைகளையும் பல்லில் கடித்துக்கொண்டு, கொப்பரைக்குள் இடுப்பு வரை குனிந்தார். பட்டையை அடி வழியாகத் தள்ளி அந்தப் பக்கம் மேலே கொண்டுவந்தபோது, துணி ஒரு பெரிய மூட்டையாகியிருந்தது. எல்லாம் பல்லின் தயவு.

சரி, நான் பார்க்க வந்தது பிரஸ். சுவரில் ஒரு முனை செருகிய நீளமான உத்தரம், மறுமுனையில் கல். நடுவில், உத்தரத்துக்கும் சீஸ் மேல் இருந்த பலகைக்கும் இடையில் ஒரு சின்ன முட்டுக்கட்டை. அதன் இரண்டு முனைகளும் சப்பையாக இல்லாமல் லேசாக உருண்டிருந்தன. அது எதிலும் ஆணி அடித்து இறுக்கப்படவில்லை! சும்மா நின்றது. சீஸைத் திருப்பிப் போடும் ஒவ்வொரு தடவையும் எடுத்து, மறுபடி நேராக நிறுத்தினார்.

அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நெம்புகோல் நேராக இறங்காது, வில்லாக இறங்கும். என்னுடைய முட்டுக்கட்டையை நான் நெம்புகோலோடு இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருந்தேன். கோல் சாயச் சாயக் கட்டையும் சாய்ந்து சீஸைத் தள்ளியிருக்கிறது. அவரிடம் சைகையில் விளக்கினேன். அவர் தன் கட்டையைத் தட்டிக்காட்டிச் சிரித்தார்.

ஊர் திரும்பி பெட்டியைக்கூடத் திறக்காமல் அந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றினேன். "இதைக் கழற்றவா அவ்வளவு தூரம் போனாய்?" என்றாள் மனைவி.

இப்போது என் பிரஸ் இப்படி: சுழலும் முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி முட்டுக்கட்டை, 90 செ.மீ. தள்ளி எடை. ஆறு மடங்கு அழுத்தம். எடைக்கு 5 லிட்டர் தண்ணீர்க் கேன். 5 கிலோ தொங்கினால் சீஸ் மேல் 30 கிலோ, கோலின் சொந்த எடை தனி. கல்லைவிடக் கேன் வசதி, ஒரு டம்ளர் ஒரு டம்ளராக எடையைக் கூட்டலாம். இது முக்கியம். எடுத்தவுடன் முழு எடையும் வைத்தால் வெளித்தோல் இறுகி மூடிக்கொள்ளும், தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். என் மூன்றாவது வட்டு அப்படித்தான் புளித்துப் போனது. இன்னொன்று, செய்முறையில் "20 கிலோ வை" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். சீஸைப் போட்டு அழுத்தும் அச்சின் விட்டம் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 12 செ.மீ. அச்சுக்கு வைத்த எடையை 24 செ.மீ. அச்சுக்கு வைத்தால், பரப்பு நான்கு மடங்கு என்பதால் அழுத்தம் கால்வாசிதான்.

அச்சு, உணவுத் தரப் பிளாஸ்டிக் டப்பா. துளைகளைச் சூட்டுக்கோலால் போடாதீர்கள்; உள்பக்கம் பிசிறு நிற்கும், துணி அதில் மாட்டிக் கிழியும். டிரில்லால் உள்ளிருந்து வெளியே போட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். யாழுக்கு முதலில் தூண்டில் நரம்பு கட்டினேன், தொய்ந்துவிட்டது. பிறகு 1 செ.மீ. இடைவெளியில் ஸ்டீல் கம்பி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 லிட்டர் பாலுக்கு, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்பதை ஒரு வாரம் உழைத்த பிறகு கண்டுபிடித்தேன்.

செப்புக் கொப்பரைக்கு நான் ஆசைப்படவில்லை. பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் ஸ்டீல் பாத்திரத்தில் பால். அடி பிடிக்காது, சூடும் மெதுவாக ஏறும். மரக்கைக்குப் பதில் என் இரண்டு கைகள்.

சீஸை முதிர வைக்கும் இடம்தான் தலைவலி. வீட்டுப் பிரிட்ஜ் 4 டிகிரி, காற்றும் வறண்டது; சீஸுக்கு வேண்டியது 12 டிகிரி, நல்ல ஈரம். பழைய பிரிட்ஜை வெளி தெர்மோஸ்டாட்டோடு இணைத்தேன் (ஆக, அது வீண்போகவில்லை). உள்ளே மூடி லேசாகத் திறந்த பிளாஸ்டிக் பெட்டி, அதில் மரச்சட்டத்தின் மேல் வட்டு, ஓரத்தில் ஈரத்துணி. முதல் மாதம் தினமும் திருப்பிப் போட்டேன்.

அறுபதாம் நாள் வட்டை வெளியே எடுத்து, வெட்டுவதற்கு முன் மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. சுவையைக் கேட்காதீர்கள். பிரஸிலிருந்து எடுத்ததும் ஆறு மணி நேரம் உப்புத் தண்ணீரில் போட வேண்டியதை, தூங்கிவிட்டு விடியற்காலையில்தான் எடுத்தேன். உப்புக் கரித்தது.