பனையேறியின் கை

இன்று காலை பதநீர் வாங்கினேன். ஓலைப் பட்டையை நீட்டிய பெரியவரின் உள்ளங்கையில் ரேகையே தெரியவில்லை. முழுக்கக் காய்ப்பு.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் நினைவுக்கு வந்தார்.

1993-இல் ‘பிளிட்ஸ்’ வார இதழின் துணை ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களைத் தேடிப் போனவர். நடந்தே கடந்தது மட்டும் சுமார் 5,000 கிலோமீட்டர். இராமநாதபுரத்தில், ஒரு பனையேறி நாளொன்றுக்கு எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறார் என்று கணக்குப் பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரைகள் 1996-இல் நூலாயின.

எத்தனை கோடையாகப் பதநீர் குடிக்கிறேன்! அந்தக் கணக்கை ஒருநாளும் கேட்டதில்லையே.

இன்று கேட்டேன்.

“காலையில் முப்பது மரம். சாயங்காலம் மறுபடியும் அதே முப்பது” என்றார், அடுத்த பட்டையை மடித்தபடியே.