விக்டோரியா நீர்த்தேக்கத்தை வற்றவைத்தாயிற்று: 1803 கண்டி இராச்சிய வரைபடம், இதுவரை

விக்டோரியா நீர்த்தேக்கம் மூழ்கடித்த தும்பறைப் பள்ளத்தாக்கு என் வரைபடத்தில் சரியாகிவிட்டது. கண்டியின் வடக்கே வளைந்து போகும் மகாவலி, தெல்தெனியவைத் தாண்டி மினிப்பே சமவெளி வரைக்கும் ஓரிடத்திலும் தேங்காமல் கணினித் திரையில் இறங்கி ஓடுகிறது. மலையகத்தை வைத்து மாற்று வரலாற்று ரோல்-ப்ளே உலகம் கட்ட நினைக்கும் எவருக்கும் இந்த இடம் வழிமறிக்கும். அதனால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உலகம் உண்மை வரலாற்றிலிருந்து பிரிவது 1803 ஜூனில். மேஜர் டேவியின் படை கண்டியைக் கைவிட்டுப் புறப்பட்டு, வட்டப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியதால் கடக்க முடியாமல் அழிந்தது. அதுவரை நடந்தது நடந்தபடியே. அதன்பின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஹன்வெல்லைக்குப் படை நடத்தித் தோற்றது உண்மை வரலாறு. நம் உலகில் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஊவா அடிவாரம் வழியே இறங்கி அம்பாந்தோட்டை உப்பளங்களைப் பிடித்துக்கொள்கிறார். நெப்போலியனோடு மீண்டும் போர் மூண்டிருக்கும் ஆண்டு அது. ஆங்கிலேயரிடம் இங்கே அனுப்ப உபரிப் படை இல்லை. கண்டியை ஆங்கிலேயர் கைக்குக் கொடுத்த 1815 ஒப்பந்தமும் அரசர் அடைபட்ட வேலூர்ச் சிறையும் இந்த உலகில் இல்லை.

ஆட்டத்தின் முதல் திருப்பமே ஆற்றுத்துறையில் நடக்கிறது. ஆறு எங்கே அகலம், எங்கே ஆழம், கரை எவ்வளவு செங்குத்து என்பதெல்லாம் வரைபடத்தில் சரியாக இல்லாவிட்டால் விளையாடுகிறவர்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் பொருள் இருக்காது. சிக்கலும் அங்கேதான். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத்தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்டது. அதற்குள் காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் எல்லாம் கட்டி முடிந்து நீர் நிரம்பிவிட்டன. ராடார் நீருக்குள் பார்க்காது. எனவே 1803-இல் ஆள் நடந்த பள்ளத்தாக்குகள் தரவில் தட்டையான தகடுகளாகக் கிடக்கின்றன. விக்டோரியா அணையின் உயரம் மட்டும் 122 மீற்றர். அணையருகே தரவு காட்டும் தரைக்கும் உண்மைத் தரைக்கும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவு. பழைய தெல்தெனிய நகரமே அந்தத் தகட்டின் அடியில்தான் இருக்கிறது.

மலையகம் முழுவதற்கும் அந்தத் தரவின் நான்கு ஓடுகள் (ஒரு பாகைச் சதுரத் துண்டுகள்) போதும்: வடக்கு 6, 7, கிழக்கு 80, 81. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒட்டி, மீற்றரில் அளக்கும் யூடிஎம் ஆள்கூற்று முறையின் 44 வடக்கு வலயத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு அடுத்தபடியாக எல்லோரும் செய்வது, தரவிலுள்ள குழிகளை மூடி ஆறு தடையின்றி ஓட வழிசெய்யும் பள்ளம் நிரப்பும் கருவியை ஓட்டுவது. இப்போதே ஓட்டாதீர்கள். அது நீர்த்தேக்கத் தகட்டை முறையான சமதரையாக ஏற்றுக்கொண்டு ஆற்றை அதன்மேலேயே ஓடவிடும். பிழை கண்ணில் படாமல் மறைந்துபோகும். முதலில் ஒவ்வொரு தேக்கத்தின் கரையையும் சுற்றி வரைந்து, 150 மீற்றர் வெளிப்பக்கம் விரித்து, அந்தப் பரப்பை வெற்றிடமாக்குங்கள்.

வெற்றிடத்தை நிரப்ப அணைகளுக்கு முந்தைய நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலத் தாள்கள் (ஒரு மைலுக்கு ஓரங்குல அளவு வரைபடங்கள்) வேண்டும். ஸ்கேன் செய்து நிலைநிறுத்தும்போது, இலங்கையின் பழைய வரைபடங்களுக்கு அடிப்படையான கண்டாவளை ஆதாரத்தையே கொடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 5234. நேரே ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்துவிட்டால் தாள் முழுவதும் ஏறக்குறைய 200 மீற்றர், பெரும்பாலும் கிழக்கு மேற்காக, நகர்ந்து உட்காரும். தாளில் அது மூன்று மில்லிமீற்றர்தான். ஆனால் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஆறு மலைச்சரிவின்மேல் ஏறிவிடப் போதுமானது. உயரங்கள் அடியில் இருக்கும், 0.3048-ஆல் பெருக்கிப் புதிய நிரலில் வைத்துக்கொள்ளுங்கள், பழையதை அழிக்க வேண்டாம்.

சமவுயரக் கோடுகளைப் படியெடுத்த பிறகு வருவதுதான் உண்மையான தொல்லை. கோடுகளுக்கு இடைப்பட்ட உயரத்தைக் கணிக்கும் முறைகளில், முக்கோண வலை இடைக்கணிப்பு ஆற்றோரத்தில் மொட்டையடிக்கும். ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் ஒரு முக்கோணத்துக்குள் விழுந்தால் அந்த இடம் சமதரையாகிவிடும். ஆறு வளைகிற இடமெல்லாம் இப்படித்தான் விழும். தூரத்தின் தலைகீழ் முறையோ ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி அம்மைத் தழும்பு போல வட்டம் போடும். வேலை செய்தது வேறு இரண்டைச் சேர்த்தபோது. ஆற்றின் நடுக்கோட்டில் 500 மீற்றருக்கு ஒரு புள்ளி வைத்து, கோடு ஆற்றை வெட்டுகிற இரண்டு இடங்களுக்கிடையே உயரத்தைச் சீராக இறக்கிக்கொண்டே போக வேண்டும். எந்தப் புள்ளியும் மேலேயுள்ளதைவிட உயரக்கூடாது. பிறகு கிராஸ் என்ற மென்பொருள் தொகுப்பின் ஸ்ப்ளைன் இடைக்கணிப்பு, இழுவிசை 40, மென்மை 0.1. இழுவிசையைக் குறைத்தால் கரையில் இல்லாத குன்றுகள் முளைக்கும்.

இப்படி நிரப்பிய பரப்பை எஸ்ஆர்டிஎம் தரவோடு ஒட்டும்போது விளிம்பில் படி தெரியும். இந்த ராடார் அடர்ந்த காட்டில் தரையை அல்ல, மர உச்சிகளுக்குக் கிட்டிய உயரத்தையே அளக்கிறது. தாள்களோ தரையைத் தருகின்றன. 300 மீற்றர் பட்டையில் இரண்டையும் படிப்படியாகக் கலந்தால் படி மறையும். பள்ளம் நிரப்பும் கருவி இதற்குப் பிறகுதான்.

கண்டி வாவியையும் எடுத்துவிடுங்கள். அதை வெட்டுவித்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்தான், ஆனால் 1803-க்குப் பிறகு. நம் ஆட்டம் தொடங்கும்போது அங்கே வயல்.

அச்சு பற்றி ஒரு வார்த்தை. அளவு 1:250,000, ஆட்டக் கட்டமான அறுகோணம் 5 கிலோமீற்றர், அதாவது தாளில் 20 மில்லிமீற்றர். மலையகம் ஏ2-இல் அடங்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் சாதாரணத் தாள் ஜூன், ஜூலையில் சுருண்டுவிடும். ஃப்ளெக்ஸ் பேனரில் 0.25 மில்லிமீற்றருக்குக் கீழான கோடுகள் கரைந்துபோகின்றன. ஃப்ளெக்ஸ் அடிக்கிற அதே கடையில் வினைல் ஸ்டிக்கராக அடித்து 3 மில்லிமீற்றர் பிவிசி பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். மேலே பளபளப்பு லேமினேஷன்தான் வேண்டும். மங்கல் வகை பார்க்க அழகு, ஆனால் வெண்பலகை மார்க்கர் அதில் அழியாது.

அடுத்தது உப்பு. 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அன்றிலிருந்து கண்டி கடலில்லாத நாடு. நெல் விளையும், மிளகும் பாக்கும் விளையும், உப்பு விளையாது. ஆட்டக் கணக்குக்கு மூன்று இலட்சம் மக்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 5 கிலோ என்று வைத்தால் 15 இலட்சம் கிலோ. பொதிமாட்டுக்கு 75 கிலோ வீதம் 20,000 பொதி. ஒரு மாடு ஆண்டுக்கு நான்கு நடை போகுமென்றால் 5,000 மாடு. தவளம் எனப்பட்ட இந்தப் பொதிமாட்டுக் கூட்டங்களை நடத்திய மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். படைத்தலைவனைவிட ஒரு தவளத் தலைவன் விளையாடச் சுவையான பாத்திரம் என்பது என் உறுதியான எண்ணம்.

நடை விதி: ஒரு அறுகோணத்துக்கு ஒரு அலகு, ஏறும் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் இன்னொன்று, நாளொன்றுக்கு நான்கு அலகு, மிச்ச நேரம் மாடு மேய. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு இந்தக் கணக்கில் இரண்டு நாள். தென்மேற்குப் பருவக்காற்றில், மே முதல் செப்டெம்பர் வரை, பலனை, கலகெதர கணவாய்கள் சேறு, அலகை இரட்டிப்பாக்குங்கள். அதே மாதங்களில் ஊவா மழைமறைவில் காய்ந்து கிடக்கும், அம்பாந்தோட்டையில் உப்பும் பூக்கும். ஆக ஆண்டின் நடுவில் ஊவா திசாவை (மாகாண ஆளுநர்) யார் பக்கமோ அவர் பக்கமே நாடு. அரசவைச் சூழ்ச்சிகளை எல்லாம் இதிலிருந்தே பின்னலாம்.

மக்கள் பகுதி பாதிதான் முடிந்திருக்கிறது. 1,500 மீற்றருக்கு மேலே பெரும்பாலும் காடாகவே விட்டிருக்கிறேன். ஹட்டன், நோர்வூட் என்ற பெயர்கள் தோட்டங்களோடு வந்தவை. இந்த உலகில் அவற்றுக்கு இடமில்லை. ஆற்றுப் பெயர்கள் நிற்கும்.

அப்படியானால் மலையகத் தமிழர் எங்கே? பெருந்தோட்டக் கோப்பி 1820-களில் தொடங்கியது ஆங்கில ஆட்சியில். அந்த ஆட்சி இல்லாமல் மன்னார், மாத்தளை வழியாக நடந்து வந்த அந்த மக்கள் தாமாக வந்துவிட மாட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை அப்படியே தூக்கி வேறு உலகில் ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், வந்தவர்களுக்கு நிலம் வேண்டும். நாயக்க வமிசம் 1739-இலிருந்து கண்டியில் ஆண்டது, மதுரையிலிருந்து பெண் எடுத்தது. பாக்கு நீரிணைக்கு இருபுறமும் உறவு ஏற்கெனவே உண்டு. கோப்பிச் செடியும் ஆங்கிலேயருக்கு முன்பே கண்டிக் கிராமத் தோட்டங்களில் இருந்தது. எனவே நம் உலகில் அரசன் கோப்பி வணிகத்துக்காக இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்தவரை அழைக்கிறான்; கூலிக்கு அல்ல, இராசகாரியத்துக்கு (அரசனுக்குச் செய்யும் கட்டாயச் சேவை) ஈடான காணி தந்து. மாத்தளைக்கும் ஊவாவுக்கும் இடையில் மாரியம்மன் கோயிலும், மாசியில் காமன் கூத்தும், சொந்த வயலும் உள்ள ஊர்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டமோ, இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய 1964 ஒப்பந்தமோ வராது. இந்த உலகத்தைக் கட்டுவதே அதற்காக என்றும் சொல்லலாம்.

1869-இல் வந்த கோப்பி இலைத்துரு நோயை வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மலை மலையாக ஒரே பயிர் நின்றதால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. பலாவும் கித்துளும் கலந்த தோட்டங்களில் மெதுவாக்க வேண்டும். பகடை விதி எழுத வேண்டும். அதற்குள் கொத்மலைத் தாளை ஸ்கேன் செய்யக் கொடுத்தாயிற்று. அங்கே அணை 87 மீற்றர், பள்ளத்தாக்கு விக்டோரியாவைவிட ஒடுக்கம், ஆகவே ஆற்றுப் புள்ளிகளை 250 மீற்றருக்கு ஒன்றாக நெருக்கி வைக்கப் போகிறேன்.