அன்டால்யா கடற்கரை: குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு

துருக்கியின் தென்கரை நகரமான அன்டால்யா பக்கம் கடற்கரை விடுமுறை போகிறீர்களா? ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கரை மணலா, கூழாங்கல்லா என்று பாருங்கள்.

அன்டால்யாவுக்கு மேற்கே கொன்யால்டி, கெமர் பக்கம் பெரும்பாலும் கூழாங்கல். தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஆனால் ரப்பர் அடி வைத்த நீர்ச்செருப்பு இல்லாமல் சின்னப் பிள்ளைகளால் நிற்க முடியாது. கிழக்கே லாரா, பெலெக், சிதே மணற்கரை. சிதேயில் கரையோரம் ஆழம் மெதுவாகத்தான் கூடும், முதல் பயணத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். அலன்யாவின் கிளியோபாத்ரா கரை அழகு, ஆனால் சட்டென்று ஆழமாகிவிடும்.

அலன்யாப் பக்கம் இன்னொரு சிக்கல். டி-400 நெடுஞ்சாலை பல இடங்களில் ஹோட்டலுக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிறது. "கடல் 50 மீட்டர்" என்று போட்டிருந்தாலும், குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதைப் படி இறங்க வேண்டியிருக்கலாம். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

அன்டால்யா விமான நிலையத்திலிருந்து அலன்யா சுமார் 125 கி.மீ., சிதே அதில் பாதி. வண்டி பதியும்போதே குழந்தை இருக்கை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். பள்ளி லீவு ஒத்துவந்தால் செப்டம்பர் கடைசியில் போங்கள், கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.